வெடித்த விண்மீனும் அதற்குப் பின்வரும் ஆண்டுகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெடிக்கும் விண்மீன்களை ஆராய்ந்துவரும் வானியற்பியலாளர் ஒருவரின் கல்விப் பணியைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த முழுப்பக்கக் கட்டுரையை இருமுறை படித்தேன். முதல்முறை மகிழ்ச்சியோடும், இரண்டாம் முறை கையில் பென்சிலோடும் படித்தேன். உடனடிப் பயன் எதையும் வாக்குறுதி தர முடியாத ஓர் அறிவியலுக்கு நாளிதழ் ஒரு முழுப்பக்கத்தை ஒதுக்குவது எளிதான முடிவன்று என்பதை அறிவேன். அதற்காக முதலில் என் நன்றி. அதே துறையில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கற்பித்தும் ஆராய்ந்தும் ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அக்கட்டுரையில் இருந்த இரண்டு பிழைகளைச் சுட்டிக்காட்டவும், அது சொல்லாமல் விட்ட ஒன்றைச் சற்று விரிவாகவே எழுதவும் தங்கள் அனுமதியை வேண்டுகிறேன்.

பிழைகளை விரைவாக முடித்துவிடுகிறேன். படத்தின் கீழ், "சென்ற வாரம் வெடித்த விண்மீன்" என்று அச்சிட்டிருந்தீர்கள். பல கோடி ஒளியாண்டுத் தொலைவில் இருக்கும் விண்மீன் திரளில் நேர்ந்த வெடிப்பின் ஒளி சென்ற வாரம் வந்து சேர்ந்தது என்பதே சரி. வெடிப்பு நேர்ந்து பல கோடி ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆயினும் துறைக்குள் இருக்கும் நாங்களும் ஒளி வந்து சேர்ந்த நாளையே வெடித்த நாளாகக் கொண்டு பேசுவது வழக்கம் என்பதால், இதில் உங்களைக் கடிந்துகொள்ளும் தகுதி எனக்கு இல்லை. இரண்டாவது பிழை அப்படிப்பட்டதன்று. நமது சூரியனும் ஒருநாள் இவ்வாறே வெடித்துச் சிதறும் என்று கட்டுரை முடிகிறது. சூரியன் வெடிக்காது. மையம் சரிந்து வெடிக்க வேண்டுமானால் ஒரு விண்மீன் பிறக்கும்போதே சூரியனைப் போல ஏறத்தாழ எட்டு மடங்கு நிறை கொண்டிருக்க வேண்டும். சூரியனோ இன்னும் சுமார் 500 கோடி ஆண்டுகளில் ஊதிப் பெருத்து, வெளியடுக்குகளை உதறிவிட்டு, ஒரு வெண் குறுமீனாகச் சுருங்கி மெல்லக் குளிரும். வெண் குறுமீன்களும் வெடிப்பதுண்டு. ஆனால் அதற்கு அருகிலேயே சுற்றிவரும் இன்னொரு விண்மீன் துணையாக வேண்டும். சூரியனுக்கு அப்படி ஒரு துணை இல்லை.

இனி, சொல்லாமல் விட்டதைப் பற்றி. கட்டுரையின் தலைப்பிலிருந்து கடைசி வரி வரை அந்த ஆராய்ச்சியாளர் "கண்டுபிடிப்பாளர்" என்றே அழைக்கப்படுகிறார். வானத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார், ஒருநாள் வெடிப்பு ஒன்று அகப்பட்டது, வாழ்க்கை மாறியது என்பதாகக் கதை செல்கிறது. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தத் துறையில் ஒருவருடைய உழைப்பின் பெரும்பகுதி கண்டுபிடிப்பதில் கழிவதில்லை. யாரோ கண்டுபிடித்த ஒன்று ஊர் உலகமெல்லாம் மறந்த பிறகும் மங்கிக்கொண்டே போவதை, மாதக் கணக்கிலும் ஆண்டுக் கணக்கிலும் அளந்துகொண்டிருப்பதில்தான் அது கழிகிறது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை; எங்கள் அறிவில் பெரும்பகுதி அந்த மங்கும் காலத்தில்தான் கிடைத்தது.

1987 பிப்ரவரி 24 அன்று நான் இரண்டாம் ஆண்டு ஆய்வு மாணவன். தந்தி வழியாக வந்த பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் 4316-ஆம் சுற்றறிக்கையைத் துறைத்தலைவர் நடைவழியில் நின்றபடியே உரக்கப் படித்தார். பால்வீதியின் அண்டைத் திரளான பெரிய மெகல்லனிக் மேகத்தில், சுமார் 1,60,000 ஒளியாண்டுத் தொலைவில், வெறுங்கண்ணுக்குத் தெரியும் ஒரு சூப்பர்நோவா, அதாவது வெடித்த விண்மீன். 1604-இல் கெப்ளர் கண்டதற்குப் பிறகு அவ்வளவு ஒளியுடன் எந்தச் சூப்பர்நோவாவும் தென்பட்டதில்லை. சிலியின் லாஸ் கம்பானாஸ் மலையில் இயன் ஷெல்டன் என்பவர் மூன்று மணி நேரம் ஒளிபட வைத்திருந்த புகைப்படத் தகட்டைக் கழுவிப் பார்த்தபோது, இருக்கக் கூடாத இடத்தில் ஒரு விண்மீன் இருந்தது. தகட்டில் கோளாறோ என்று ஐயுற்று வெளியே வந்து நிமிர்ந்து பார்த்தார், வானத்திலும் இருந்தது. அதே மலையில் இரவுப் பணியிலிருந்த ஆஸ்கர் துஹால்தே சில மணி நேரம் முன்னரே அதை வெறுங்கண்ணால் பார்த்திருந்தார். இந்தக் கதையை உலகின் எல்லா நாளிதழ்களும் எழுதின, எழுதவும் வேண்டியதுதான்.

ஆனால் அந்த ஒளிக்குச் சுமார் மூன்று மணி நேரம் முன்னதாகவே வேறொன்று வந்து போயிருந்தது. ஜப்பானில் கமியோகா சுரங்கத்தில், பூமிக்கடியில் 1,000 மீட்டர் ஆழத்தில், 3,000 டன் தூய நீரை நிரப்பிய தொட்டி ஒன்று இருந்தது. புரோட்டான் சிதைகிறதா என்று பார்ப்பதற்காகக் கட்டப்பட்ட அந்தக் கருவியில் புரோட்டான் ஒருமுறைகூடச் சிதையவில்லை. மனம் தளராமல், சூரியனிலிருந்து வரும், எதையும் ஊடுருவிச் செல்லும் நுண்துகள்களான நியூட்ரினோக்களையாவது பிடிக்கலாம் என்று அதைத் திருத்தியமைத்தார்கள். திருத்திய கருவி 1987 ஜனவரியில்தான் அளவெடுக்கத் தொடங்கியது. அடுத்த மாதமே, பதின்மூன்று விநாடிகளுக்குள் 11 நியூட்ரினோக்கள் அதில் பதிவாயின. ஒஹையோவின் உப்புச் சுரங்கத்துக் கருவியில் 8, காகசஸ் மலைக்கடியில் உள்ள பக்சானில் 5. ஆக உலகம் முழுவதும் இருபத்து நான்கு துகள்கள். மையம் சரிந்து வெடிக்கும் விண்மீனின் ஆற்றலில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு கண்ணுக்குத் தெரியாத நியூட்ரினோக்களாகவே வெளியேறுகிறது என்ற கணக்கு, அதுவரை தாளில் மட்டுமே இருந்த கணக்கு, அந்த இருபத்து நான்கால் உறுதிப்பட்டது. அந்தக் கருவியை வழிநடத்திய மசதோஷி கோஷிபா, டோக்கியோ பல்கலைக்கழகத்திலிருந்து ஓய்வுபெற அப்போது ஒரு மாதமே மீதமிருந்தது. 2002-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நற்பேறு என்று சொல்வோர் உண்டு. திருத்தும் பணியை ஒரு பருவம் தள்ளிப் போட்டிருந்தால் அந்த நற்பேறு வாய்த்திருக்காது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

என் சொந்த அனுபவத்துக்கு வருகிறேன். என் முனைவர் பட்ட ஆய்வு முழுவதும் ஒரே ஒரு சூப்பர்நோவாவைப் பற்றியது. 1987-இல் வந்த அந்தப் புகழ்பெற்றதன்று, துறைக்கு வெளியே யாரும் பெயர் கேட்டிராத ஒன்று. அது உச்ச ஒளியில் இருந்தபோது பெரிய தொலைநோக்கிகள் எல்லாம் அதன்பக்கம் திரும்பியிருந்தன. ஐம்பது நாட்களில் எல்லோரும் போய்விட்டார்கள். என் நெறியாளர் போகவில்லை. "உச்சத்தை எல்லாரும் அளந்துவிடுவார்கள் தம்பி, வாலைப் பிடி" என்பார். வால் என்று நாங்கள் சொல்வது, ஒளி நாளுக்கு நாள் கூடிக் குறைவதைக் காட்டும் வரைகோடான ஒளிவளைவில், உச்சத்துக்கும் அதன்பின் வரும் சரிவுக்கும் அப்பால் நீளும் மெல்லிய சாய்கோட்டை. அந்தச் சாய்வு ஏதோ தற்செயலாக அமைந்ததன்று. வெடிப்பில் உருவாகும் நிக்கல்-56 என்ற கதிரியக்கத் தனிமம் ஆறு நாட்களுக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்து கோபால்ட்-56 ஆகிறது. கோபால்ட் 77 நாட்களுக்கு ஒருமுறை பாதியாகி இரும்பாகிறது. விண்மீனின் எச்சம் அந்தச் சிதைவின் வெப்பத்தில்தான் ஒளிர்கிறது. ஆகவே வாலின் உயரத்தைச் சரியாக அளந்துவிட்டால், எவ்வளவு நிக்கல் உருவானது என்று சொல்லிவிடலாம். 1987-ஆம் ஆண்டின் வெடிப்பில் அது சூரிய நிறையில் 0.07 பங்கு என்று கணக்கிட்டார்கள். சிறிய பின்னமாகத் தோன்றினாலும், அது ஏறத்தாழ 23,000 பூமிகளின் எடை.

வாலைப் பிடிப்பது எப்படி என்றும் சொல்லியாக வேண்டும். தொலைநோக்கி நேரத்துக்கு ஆண்டுக்கு இருமுறை விண்ணப்பிக்க வேண்டும். இருக்கும் இரவுகளைப் போலப் பல மடங்கு இரவுகளைக் கேட்டு விண்ணப்பங்கள் குவியும். குழு கூடி முடிவு செய்யும். நான்கு இரவுகள் கேட்டால் ஒன்றரை இரவு கிடைக்கும். அதில் ஒன்று மேகத்துக்குப் போகும், மீதியில் நிலவு இருக்கும். மங்கிய ஒரு புள்ளியை அதைச் சுற்றியுள்ள திரளின் ஒளியிலிருந்து பிரித்தெடுப்பதற்கே, வெடிப்பு முழுவதும் மறைந்த பிறகு அதே இடத்தை மீண்டும் ஒருமுறை படமெடுத்துக் கழிக்க வேண்டும். அந்தக் கடைசிப் படத்துக்காக நான் பதினான்கு மாதங்கள் காத்திருந்தேன். என் ஆய்வேட்டில் அது ஒரு வரைபடத்தின் வலது ஓரத்தில், பிழைவரம்புக் கோடு தாங்கிய ஐந்து புள்ளிகளாக நிற்கிறது.

பட்டம் பெற்றபின் இரண்டாண்டு, மூன்றாண்டு, மீண்டும் இரண்டாண்டு என ஒப்பந்தப் பணிகள். ஒவ்வொன்றும் வேறு நிறுவனம், வேறு நகரம். இது எனக்கு மட்டும் நேர்ந்ததன்று. இன்று இத்துறைக்கு வரும் ஏறத்தாழ ஒவ்வோர் இளைஞரும் போஸ்ட்டாக் என்று அழைக்கப்படும் இந்தப் படிகளில் ஏறித்தான் நிலையான வேலைக்குப் போக வேண்டியிருக்கிறது. சிக்கல் எங்கே என்றால், ஒப்பந்தம் இரண்டாண்டு, கோபால்ட் தன் போக்கில்தான் சிதையும். வெடிப்பைக் கண்டு, தொடர்ந்து அளந்து, வால் மறைந்து, ஒப்பீட்டுப் படம் எடுத்து, கட்டுரை எழுதி, மதிப்பீட்டாளரின் கேள்விகளுக்கு விடையளித்து அது அச்சாகும்போது ஒப்பந்தம் முடிந்து ஓராண்டு ஆகியிருக்கும். அடுத்த வேலைக்கான நேர்காணலிலோ, கடந்த இரண்டாண்டில் என்ன அச்சிட்டீர்கள் என்றுதான் முதலில் கேட்பார்கள். அப்படிப்பட்ட ஒரு நேர்காணலில், இடத்தின் பெயர் வேண்டாம், குழுவில் இருந்த ஒருவர் என்னிடம், "இதுவரை எத்தனை சூப்பர்நோவாக்களைக் கண்டுபிடித்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார். ஒன்றுகூட இல்லை என்றேன். அவர் குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டார். பதினொன்றின் வாலை அளந்திருக்கிறேன் என்று சேர்த்துச் சொன்னேன். அதை அவர் எழுதிக்கொண்டதாகத் தெரியவில்லை. அந்த வேலை எனக்குக் கிடைக்கவில்லை. தங்கள் கட்டுரையைப் படித்தபோது அந்தப் பேனா நினைவுக்கு வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

கண்டுபிடிப்பதையும் அளப்பதையும் பிரித்துப் பேசுவது பொறாமையாகப் படக்கூடும் என்பதால் ஓர் எடுத்துக்காட்டு. பிரபஞ்சத்தின் விரிவு வேகம் கூடிக்கொண்டே போகிறது என்று 1998-இல் இரு குழுக்கள் அறிவித்தன. அதற்காக 2011-இல் சால் பெர்ல்மட்டர், பிரையன் ஷ்மிட், ஆடம் ரீஸ் மூவருக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அவர்கள் பயன்படுத்தியது, வெண் குறுமீன்கள் வெடிக்கும் 'ஒன்று-ஏ' வகைச் சூப்பர்நோவாக்களை. இவை எல்லாம் ஒரே அளவு ஒளியுடன் வெடித்தால், மங்கலாகத் தெரிவது தொலைவில் இருக்கிறது என்று கொள்ளலாம். ஆனால் அவை ஒரே அளவில் வெடிப்பதில்லை. அதிக ஒளியுள்ளது மெதுவாக மங்குகிறது, குறைந்த ஒளியுள்ளது விரைவாக மங்குகிறது என்பதை, உச்சத்துக்குப் பின் பதினைந்து நாட்களில் எவ்வளவு மங்கியது என்று அளந்து, மார்க் பிலிப்ஸ் 1993-இல் காட்டினார். அவரிடம் இருந்தவை ஒன்பதே வெடிப்புகள். அந்த உறவை ஐயமற நிறுவுவதற்கு, மரியோ ஹமுய், ஹோசே மாசா, நிக்கோலஸ் சன்ட்செஃப் முதலியோருடன் சேர்ந்து சிலியில் நான்காண்டுகள் உழைத்தார்கள். டொலோலோ மலையில் எடுத்த புகைப்படத் தகடுகளைச் சாந்தியாகோவுக்கு அனுப்பி, பழைய தகடும் புதிய தகடும் மாறிமாறித் தெரியும்படி உருப்பெருக்கியில் வைத்து, கண்ணால் ஒப்பிட்டுத் தேடினார்கள். அவர்கள் அளந்த அருகிலுள்ள வெடிப்புகளே 1998-இல் இரு குழுக்களுக்கும் அளவுகோலாயின. அந்த அளவுகோல் இல்லாமல் தொலைவில் உள்ளவை மங்கலாக இருக்கின்றன என்று சொல்லியிருக்கவே முடியாது, எதைவிட மங்கல் என்ற கேள்விக்கு விடை இருந்திருக்காது. பரிசு மூவரோடு நிற்க வேண்டும் என்பது நோபல் விதி. செய்தி மூவரோடு நிற்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

அதற்கும் முன்னால் ஒரு டென்மார்க் குழு இருந்தது. தொலைவில் உள்ள சூப்பர்நோவாக்களைத் தேடி இரண்டாண்டுகள் சிலியில் இரவு விழித்தார்கள். 1988-இல் அகப்பட்டது பயன்படக்கூடிய ஒன்றே ஒன்று, அதுவும் உச்சம் கடந்த பிறகு. எண்ணிக்கையைப் பார்த்தால் தோல்விதான். ஆனால் தொலைவிலும் இப்படிப்பட்ட வெடிப்புகளைப் பிடிக்க முடியும், படங்களைக் கணினியில் கழித்துப் பார்த்தால் போதும் என்பதை அந்த ஒன்று காட்டிக்கொடுத்தது. எப்போது வெடிக்கும் என்று தெரியாத ஒன்றுக்கு எப்படி முன்கூட்டியே தொலைநோக்கி நேரம் கேட்பது என்ற சிக்கலைப் பெர்ல்மட்டரின் குழு பின்னர் தீர்த்தது. அமாவாசைக்குச் சற்றுப் பின் ஆயிரக்கணக்கான திரள்களைப் படமெடுத்துவிட்டு, அடுத்த அமாவாசைக்குச் சற்று முன் அதே திரள்களை மீண்டும் எடுத்தால், இடையில் வெடித்தவை எப்படியும் பல அகப்படும். ஆகவே அடுத்த வாரத்துக்கான நேரத்தை ஆறு மாதம் முன்பே உறுதியாகக் கேட்டு வாங்கிவிடலாம். அறிவியலில் இத்தகைய நிர்வாகப் புத்திசாலித்தனம் உரிய மதிப்பைப் பெறுவதில்லை என்பது என் நெடுநாள் வருத்தம்.

தொலைநோக்கியைத் தொடாமலே இத்துறையில் வாழ்நாளைக் கழிப்போரும் உண்டு. மையம் சரியும் விண்மீன் எப்படி வெடிக்கிறது என்று கணினியில் கணக்கிடுவோரைச் சொல்கிறேன். இரும்பாலான மையம் ஒரு விநாடிக்கும் குறைவான நேரத்தில் சரிந்து, இனி அழுத்த முடியாத அடர்த்தியை எட்டி, எதிர்த்துத் தள்ளுகிறது, அதிர்வலை கிளம்புகிறது. ஆனால் கணினியில் அந்த அலை நூறு, நூற்றைம்பது கிலோமீட்டர் போனதும் நின்றுவிட்டது. வானத்தில் வெடித்த விண்மீன், கணினியில் வெடிக்க மறுத்தது. வெளியேறும் நியூட்ரினோக்களில் ஒரு சிறு பங்கு வழியில் உள்ள பொருளைச் சூடாக்கி அலைக்கு உயிர் கொடுக்கலாம் என்ற கருத்தை ஸ்டர்லிங் கோல்கேட்டும் ரிச்சர்ட் ஒயிட்டும் 1966-இல் முன்வைத்தார்கள். விண்மீன்கள் எப்படி ஒளிர்கின்றன என்று சொன்னதற்காக 1967-இல் நோபல் பெற்ற ஹான்ஸ் பெதே, எழுபது வயதைக் கடந்த பின் இந்தப் புதிருக்குள் இறங்கி, ஜேம்ஸ் வில்சனோடு சேர்ந்து 1985-இல் அதை மேலும் செப்பமாக்கினார். அப்படியும், கோளச் சீர்மை கொண்டதாக எளிமைப்படுத்திய கணக்குகளில் பெரும்பாலான விண்மீன்கள் வெடிக்கவில்லை. முப்பரிமாணத்தில், கொதிக்கும் நீரைப் போலப் பொருள் மேலும் கீழும் புரள்வதையெல்லாம் சேர்த்துக் கணக்கிட மீக்கணினிகள் வந்த பிறகே அவை ஓரளவு ஒழுங்காக வெடிக்கத் தொடங்கின. இடைப்பட்ட ஆண்டுகளில், "இந்த நிலைமைகளில் விண்மீன் வெடிக்கவில்லை" என்ற முடிவோடு முனைவர் பட்டம் பெற்றவர்கள் எனக்குத் தெரிந்தே பலர். சிரிப்பாகத் தோன்றும், ஆனால் எந்தெந்த வழிகள் அடைபட்டவை என்று அவர்கள் ஒவ்வொன்றாகச் சோதித்து எழுதி வைத்திருக்காவிட்டால், திறந்த வழியைக் கண்டடைய இன்னும் பல ஆண்டுகள் ஆகியிருக்கும்.

சந்திரசேகரின் பெயரைத் தங்கள் கட்டுரை ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிட்டது. 1930-இல், பத்தொன்பது வயதில், இங்கிலாந்து செல்லும் கப்பலில் அவர் போட்ட கணக்கு, வெண் குறுமீனுக்கு ஓர் உச்ச நிறை உண்டு என்று காட்டியது. இன்று அதைச் சூரிய நிறையில் 1.4 மடங்கு என்கிறோம். 1935 ஜனவரியில் அரச வானியல் கழகக் கூட்டத்தில், அன்றைய புகழ்பெற்ற வானியற்பியலாளர் எடிங்டன் அதை எல்லோர் முன்னிலையிலும் மறுத்துப் பேசினார். சந்திரசேகர் வாதாடிப் பார்த்தார். பின்னர் அதுவரையிலான கணக்குகளை 1939-இல் ஒரு நூலாகத் தொகுத்து வைத்துவிட்டு வேறு ஆய்வுப் பொருளுக்குச் சென்றுவிட்டார். அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது 1983-இல். கப்பல் பயணத்துக்கும் பரிசுக்கும் இடையே ஐம்பத்து மூன்று ஆண்டுகள். தனிமங்கள் விண்மீன்களுக்குள் உருவாவதைப் பற்றிய 1957-ஆம் ஆண்டுக் கட்டுரையின் முதல் ஆசிரியரான மார்கரெட் பர்பிட்ஜோ, பெண் என்பதால் மவுண்ட் வில்சன் ஆய்வகத்தில் தம் பெயரில் தொலைநோக்கி நேரம் பெற முடியாத நிலையில் இருந்தார். நேரம் அவருடைய கணவர் பெயரில் தரப்பட்டது; தொலைநோக்கியில் அமர்ந்து அளவெடுத்தவர், ஏட்டில் 'உதவியாளர்' என்றிருந்த மார்கரெட்.

இப்போது கண்டுபிடிப்பு என்ற சொல்லின் பொருளே மாறிக்கொண்டிருக்கிறது என்பதால்தான் இவ்வளவும் எழுதினேன். 1987-இல் அந்த ஆண்டின் முதல் சூப்பர்நோவா என்பதால் அதற்கு 'ஏ' என்ற ஒற்றை எழுத்து. 2023 மே 19 அன்று ஜப்பானிய அமெச்சூர் வானியலாளர் கொயிச்சி இதகாகி கண்ட வெடிப்புக்கு 'ஐஎக்ஸ்எஃப்' என்று மூன்று எழுத்துகள். எழுத்துகளை வரிசைப்படி எண்ணினால், அந்த ஆண்டில் அதற்கு முன்பே ஏறத்தாழ 6,700 ஒளிப்புள்ளிகள் சூப்பர்நோவாவாக இருக்கக்கூடியவை எனப் பதிவாகியிருந்தன என்று தெரியும். அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றைக் கண்டவை தாமாக இயங்கும் தொலைநோக்கிகளும் கணினி நிரல்களுமே. சிலியில் அமைந்துள்ள வேரா ரூபின் ஆய்வகம் 2025 ஜூனில் தன் முதல் படங்களை வெளியிட்டது. 8.4 மீட்டர் ஆடியும் 3,200 மெகாபிக்சல் கேமராவும் கொண்ட அது, வானில் மாறியவற்றைப் பற்றி ஓர் இரவுக்கு ஒரு கோடி வரை அறிவிப்புகளை அனுப்பும்படி வடிவமைக்கப்பட்டது. இவற்றில் சூப்பர்நோவா எது, வேறெது என்று உறுதி செய்ய, ஒளியை நிறங்களாகப் பிரித்துப் பதியும் நிறமாலை எடுத்தாக வேண்டும். இப்போது பதிவாகும் புள்ளிகளிலேயே ஏறத்தாழப் பத்தில் ஒன்றுக்குத்தான் நிறமாலை எடுக்க முடிகிறது. கண்டுபிடிப்பதற்கு ஆள் வேண்டாம் என்ற காலம் வந்துவிட்டது. எதைத் தொடர்வது, எதை விடுவது, எவ்வளவு காலம் தொடர்வது என்று தீர்மானிக்கத்தான் ஆள் வேண்டும். அந்தத் தீர்மானத்துக்கான பயிற்சி, வால் பிடித்த கைகளில் இருக்கிறது. அத்தகையவர்களில் சிலர் மூன்றாவது ஒப்பந்தம் முடிந்ததும் வங்கிகளுக்கும் மென்பொருள் நிறுவனங்களுக்கும் போய்விடுகிறார்கள். என் மாணவர்களில் மிகத் திறமையான ஒருவர் அப்படித்தான் போனார். நன்றாக இருக்கிறார், குறை ஒன்றும் சொல்ல மாட்டார். அவர் பாதியில் விட்ட ஒளிவளைவுகள் இரண்டு இன்னும் என் கணினியில் இருக்கின்றன.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். 1987-இல் வெடித்த அந்த விண்மீன் விட்டுச்சென்றது, மையம் நெருங்கி அடர்ந்த உருண்டையாக எஞ்சும் நியூட்ரான் விண்மீனா, கருந்துளையா என்பது பல்லாண்டுகள் விடை தெரியாத கேள்வியாக இருந்தது. எச்சத்தின் நடுவில் ஒரு நியூட்ரான் விண்மீன் இருந்தால் அது உள்ளிருந்தபடி சுற்றியுள்ள பொருளை எப்படி ஒளிரச் செய்யும் என்று ரோஜர் செவாலியரும் கிளேஸ் ஃபிரான்சனும் 1992-இல் கணக்கிட்டு எழுதினார்கள். ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி அந்த நடுப்பகுதியில் மின்னேற்றம் பெற்ற ஆர்கான், கந்தகம் ஆகியவற்றின் ஒளிக்கோடுகளைப் பதிவு செய்தது. அங்கே நியூட்ரான் விண்மீன் இருப்பதற்கான வலுவான சான்றாக அதை விளக்கும் கட்டுரை 2024 பிப்ரவரியில் வெளிவந்தது. அதன் முதல் ஆசிரியர் அதே ஃபிரான்சன். வெடிப்பு நிகழ்ந்த ஆண்டிலேயே அதைப் பற்றி எழுதத் தொடங்கியவர், முப்பத்தேழு ஆண்டுகளுக்குப் பின்னும் அதே பொருளை விடவில்லை. 1987-இல் அந்த வெடிப்பை முதல் பக்கத்தில் வெளியிட்ட நாளிதழ்களில் எத்தனை 2024-இல் அதற்கு இரண்டு பத்தி ஒதுக்கின என்று கேட்கத் தோன்றுகிறது. தங்கள் கட்டுரையில் படமாக வந்த வெடிப்பு, இன்னும் இருநூறு நாட்களில் சாதாரணத் தொலைநோக்கிகளுக்கு எட்டாத அளவு மங்கியிருக்கும். அந்த ஆராய்ச்சியாளரும் அவருடைய மாணவர்களும் அப்போதும் அதை அளந்துகொண்டிருப்பார்கள். தங்கள் செய்தியாளரை அந்த நாளில் மீண்டும் ஒருமுறை அவர்களிடம் அனுப்புவீர்களா? முழுப்பக்கம் தேவையில்லை, ஒளிவளைவின் படமும் அதன் கீழ் நான்கு வரியும் போதும்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற வானியற்பியல் பேராசிரியர்